கணக்கு கணினியுடையது, பழி யாருடையது? முடிவெடுக்க உதவும் மென்பொருள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாமிரபரணிக் கால்வாய்களில் யாருக்கு எப்போது தண்ணீர் என்ற நீர்முறை வகுக்கவும், பிசானப் பருவ நெல்லில் நோய் வருமா என்று முன்கூட்டிப் பார்க்கவும், ஆரம்ப சுகாதார நிலையத்தில் யாரைப் பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்புவது என்று சொல்லவும் மென்பொருள் வந்துகொண்டிருக்கிறது. அதை வாங்குகிறவர்களும் நடத்துகிறவர்களும் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் இருக்கிறது. நிரல் எழுதுவதைப் பற்றி ஒன்றும் இல்லை. கணினியைச் சுற்றி நிற்கும் மனிதர்களைப் பற்றித்தான் எல்லாம்.

முடிவுத்துணை அமைப்பு என்று எதைச் சொல்கிறீர்கள்?

ஒருவர் எடுக்க வேண்டிய முடிவுக்குத் தேவையான தகவலைத் திரட்டி, கணக்குப் போட்டு, "இப்படிச் செய்யலாம்" என்று முன்வைக்கும் மென்பொருளை. முடிவு அந்த மனிதருடையதாகவே இருக்கும். 1971-ல் கோரி, ஸ்காட் மார்ட்டன் என்ற இருவர் நிர்வாக முடிவுகளை வகை பிரித்தார்கள்: விதிப்படியே முடிந்துவிடுபவை, பாதி விதியும் பாதி அனுபவமுமாக இருப்பவை, முழுக்க அனுபவத்தை நம்பியவை. ரேஷன் கடைக் கருவி முதல் வகை. கைரேகை பொருந்தினால் அரிசி, அவ்வளவுதான். இந்த வாரம் எந்த மடைக்கு எத்தனை நாள் தண்ணீர் என்பது நடு வகை. மென்பொருள் நன்றாக எடுபடும் இடம் அதுதான். இரண்டு ஊருக்குப் பொதுவான குளத்தில் முதல் உரிமை யாருக்கு என்ற தலைமுறைச் சண்டை மூன்றாவது வகை. அதைக் கணினியிடம் கொண்டுபோகாதீர்கள். கணினியும் சண்டையில் ஒரு கட்சியாகிவிடும்.

மென்பொருள் சரியாகத்தான் சொல்கிறது. ஆனாலும் யாரும் திறந்துகூடப் பார்ப்பதில்லையே, ஏன்?

1989-ல் ஃபிரெட் டேவிஸ் முன்வைத்த கருத்து இன்றும் செல்லும்: இது என் வேலைக்கு உதவுமா, பயன்படுத்தச் சுலபமா என்ற இரண்டையும் வைத்துத்தான் மனிதர்கள் ஒரு கருவியை ஏற்கிறார்கள். நடைமுறையில் மூன்றாவதாக ஒரு கேள்வி உண்டு. அதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை. தப்பாகப் போனால் பழி யார் தலையில் விழும்?

கால்வாய் லஸ்கரை, அதாவது மதகை ஏற்றி இறக்கும் பணியாளரை, எடுத்துக்கொள்ளுங்கள். செல்போன் சொன்னபடி இரண்டு நாளில் மதகை இறக்கிவிட்டார். மூன்றாம் நாள் கடைமடை வயல் வெடிக்கிறது. கரையில் நின்று, "என்னவே, போனு சொன்னா எங்க பயிர சாகடிச்சிருவீரோ?" என்று கேட்பது அவரைத்தான். மென்பொருள் செய்தவரையோ மாவட்ட அலுவலகத்தையோ யாரும் போய்க் கேட்பதில்லை. ஆகவே வழக்கம்போலச் செய்வதுதான் அவருக்குப் பாதுகாப்பு. இதைச் சோம்பல் என்றோ படிப்பறிவின்மை என்றோ சொல்வது பிழை.

மருத்துவத்திலும் இதே கதைதான். ஸ்டான்ஃபோர்டில் 1970-களில் உருவான மைசின் என்ற மென்பொருள் சுமார் 600 விதிகளை வைத்துக்கொண்டு ரத்தத்தில் கிருமித் தொற்றுக்கு எந்த மருந்து என்று சொன்னது. நிபுணர்களோடு ஒப்பிட்டுச் சோதித்தபோது அவர்களுக்குச் சளைக்கவில்லை. ஆனாலும் அது வார்டுக்குள் போகவே இல்லை. நோயாளியைப் பற்றிய கேள்விகளுக்கெல்லாம் மருத்துவர் தட்டச்சு செய்துகொண்டே உட்கார்ந்திருக்க வேண்டியிருந்தது. தவறினால் யார் பொறுப்பு என்பதும் தெளிவாகவில்லை.

அப்படியானால் முதலில் என்ன செய்வது?

மென்பொருளைத் தொடுவதற்கு முன் ஒரே ஒரு முடிவை எடுத்துக்கொண்டு, அது யார் யார் கை மாறிப் போகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். கன்னடியன் கால்வாயில் நீர்முறை என்று வைப்போம். பருவத்துக்கு எப்போது அணை திறப்பது என்பது அரசு உத்தரவு. அதில் கீழே யாருக்கும் வேலையில்லை. கால்வாய்க்கு எவ்வளவு என்பது பொறியாளர் கையில். எந்த மடை எத்தனை நாள் என்பதைப் பிரிவு அலுவலகமும் நீரினைப் பயன்படுத்துவோர் சங்கமும் பேசித் தீர்மானிக்கின்றன. மதகை ஏற்றி இறக்குவது லஸ்கர். வயலுக்குள் பாய்ச்சுவது ஊர் நீர்ப்பாய்ச்சி.

ஒவ்வொருவர் பெயருக்கும் நேரே நான்கு விஷயம் எழுத வேண்டும்: அவரால் எதை மாற்ற முடியும், எந்த நேரத்துக்குள், எந்தத் தகவலை வைத்து, தப்பினால் அவருக்கு என்ன ஆகும். நான்காவதைக் கூட்டத்தில் கேட்டால் பதில் வராது. தனித்தனியாக, அவரவர் வேலை பார்க்கும் இடத்தில், டீக்கடையில் என்றாலும் சரி, கேட்க வேண்டும். மேலதிகாரி பக்கத்தில் இருக்கக் கூடாது.

பெரும்பாலான திட்டங்களில் மென்பொருளின் பரிந்துரை பிரிவு அலுவலகத் திரைக்குப் போகும். உண்மையான முடிவோ இரவு பத்து மணிக்கு மடையில் நடக்கும். இந்த இடைவெளி தாளில் எழுதியவுடனேயே தெரிந்துவிடும்.

நீர்முறைக் கணக்கில் மென்பொருள் எங்கே சறுக்குகிறது?

கணக்கு எளிது. விநாடிக்கு ஒரு கன அடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் 86,400 கன அடி. வழியில் ஒரு சொட்டும் கசியாவிட்டால் சுமார் 12 ஏக்கருக்கு இரண்டு அங்குலம் நிற்கும். சறுக்குவது அதற்குள் போகும் தகவலில்.

முதலாவது அடங்கல், அதாவது கிராமத்துப் பயிர்ப் பதிவேடு. ஏட்டில் நெல் என்று இருக்கும், வயலில் வாழை நிற்கும். நெல் அறுப்புக்கு முன் தண்ணீரை நிறுத்தலாம். வாழைக்கு நிறுத்த முடியாது. ஸ்ரீவைகுண்டம் பக்கம் கால்வாய்ப் பாசன ஆயக்கட்டுக்குள்ளேயே வாழை நிறைய. ஏட்டை மட்டும் நம்பிய மென்பொருள் பருவக் கடைசியில் தேவையைக் குறைத்துச் சொல்லும், தண்ணீரை நிறுத்தச் சொல்லும்.

இரண்டாவது ரகம். பொதுப் பயிர் அட்டவணையில் நெல் என்றால் 135 நாள் என்று போட்டிருப்பார்கள். அம்பாசமுத்திரம் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் உருவான அம்பை 16-க்கு வயது 110 முதல் 115 நாள். கடைசி மூன்று வாரத் தண்ணீர் தேவையில்லாத வயலுக்குப் போய், கடைமடை காயும்.

மூன்றாவது அளவை. திரை ஹெக்டேர் கேட்கும். பெரியவர் "கோட்டை விதைப்பாடு", "மரக்கால் விதைப்பாடு" என்றுதான் சொல்வார், அதாவது அத்தனை விதை விதைக்கும் அளவு நிலம். கோட்டைக்கு 21 மரக்கால் என்பது கணக்கு, ஆனால் ஒரு மரக்கால் விதைப்பாடு எத்தனை சென்ட் என்பது ஊருக்கு ஊர் கொஞ்சம் மாறும். பதிவு செய்யும் பையன் ஏதோ ஒரு எண்ணைப் போட்டுவிடுவான். உள்ளூர் அளவையை அப்படியே வாங்கிக்கொள்ளும் கட்டம் ஒன்று வையுங்கள். மாற்று விகிதத்தை ஊர்வாரியாகச் சங்கத் தலைவர் முன்னால் ஒரு முறை அளந்து பூட்டுங்கள்.

நான்காவதுதான் ஆழமானது. பட்டா தாத்தா பெயரில், பயிர் செய்வது குத்தகைக்காரர். அவர் எந்தப் பட்டியலிலும் இருக்க மாட்டார். நீர் அறிவிப்பு, நோய் எச்சரிக்கை, கூட்டுறவுச் சங்கக் கடன் பரிந்துரை எல்லாம் சென்னையில் இருக்கும் நில உரிமையாளரின் செல்போனுக்குப் போகும். கடன் தகுதியைக் கணக்கிடும் மென்பொருளில் இது இன்னும் மோசம். குத்தகைக்காரருக்கு "வரலாறு இல்லை" என்று வரும். வரலாறு இல்லாததை ஆபத்து என்று அது எடுத்துக்கொள்ளும். பயிர் செய்பவர், நில உரிமையாளர் என்று இரண்டு தனிக் கட்டங்கள் முதல் நாளிலிருந்தே வேண்டும். பிறகு சேர்ப்பது பெரும்பாடு.

எச்சரிக்கை அடிக்கடி வந்தால் பாதுகாப்புதானே?

இல்லை. ஒரு கணக்குப் பாருங்கள். நூறு நாள் பருவத்தில் நெல்லுக்குக் குலைநோய் உண்மையிலேயே பிடிக்கக்கூடிய நாள் ஐந்து என்று வைப்போம். மென்பொருள் கெட்டிக்காரத்தனமாக அதில் நாலைப் பிடித்துவிடுகிறது. மீதி 95 நாளில் பத்துக்கு ஒன்று வீதம் தவறாகக் கூவுகிறது. அது ஒன்பது அல்லது பத்து நாள். மொத்தம் வந்த எச்சரிக்கை சுமார் 14, உண்மை 4. விவசாயிக்கு நினைவில் நிற்பது பொய்யான பத்துதான். "போன தடவையும் இப்படித்தான் வந்துச்சு, ஒண்ணும் வரல" என்று மூன்று முறை சொன்ன பிறகு நாலாவதை அவர் படிக்கவே மாட்டார்.

மருத்துவமனைகளில் மருந்து எச்சரிக்கைகள் பற்றி 2006-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு, மருத்துவர்கள் அவற்றில் 49 முதல் 96 விழுக்காடு வரை தாண்டிச் செல்கிறார்கள் என்று காட்டியது. அவர்களும் படித்தவர்கள்தான்.

என்ன செய்யலாம்? எச்சரிக்கையை இரண்டு படியாக்குங்கள். முதல் படி "போய்ப் பார்" என்று மட்டும் சொல்லட்டும். அதற்குச் செலவில்லை, தவறினாலும் கோபம் வராது. மருந்து அடிக்கச் சொல்லும் இரண்டாம் படி வயலில் பார்த்ததைப் பதிந்த பிறகுதான் வர வேண்டும். ஒருவருக்கு வாரத்துக்கு இத்தனைக்கு மேல் எச்சரிக்கை போகாது என்று உச்சவரம்பும் வைக்க வேண்டும். எந்த எண் என்பதை மென்பொருள்காரர் முடிவு செய்யக் கூடாது, வாங்குகிறவர் செய்யட்டும்.

செய்தியைத் தமிழில் அனுப்புகிறோம். அது போதாதா?

எந்தத் தமிழ் என்பதைப் பொறுத்தது. "தங்கள் பகுதியில் ஒப்பு ஈரப்பதம் உயர்ந்துள்ளமையால் நோய்த் தாக்குதலுக்கான சாத்தியக்கூறு அதிகரித்துள்ளது; உரிய மேலாண்மை முறைகளைக் கையாளவும்" என்பதும் தமிழ்தான். அதைப் படித்துவிட்டு யாரும் வரப்பில் இறங்கப் போவதில்லை. இதையே இப்படி அனுப்பலாம்:

"பிசான நெல் நட்டவர்களுக்கு. மூன்று நாளாக இரவுப் பனி அதிகம். குலைநோய் வரலாம். நாளைக் காலை வயலில் பத்து இடத்தில் இலையைப் பாருங்கள். கண் வடிவத்தில், நடுவில் சாம்பல் நிறமும் ஓரத்தில் பழுப்பும் உள்ள புள்ளி இருந்தால் வேளாண் அலுவலரைக் கூப்பிடுங்கள். இந்த வாரம் யூரியா வேண்டாம். புள்ளி இல்லையென்றால் மருந்தும் வேண்டாம்."

கடைசி வரியை விட்டுவிடாதீர்கள். எச்சரிக்கை என்றாலே மருந்துக் கடைக்குப் போகச் சொல்வது என்று ஆகிவிட்ட இடத்தில், "வேண்டாம்" என்றும் சொல்லத் தெரிந்த மென்பொருளைத்தான் நம்புவார்கள். இதைக் குரல் செய்தியாகவும் அனுப்புங்கள். விடியற்காலையில் போகட்டும்; பகல் பதினொரு மணிக்குப் போனால் அன்றைய வேலை முடிந்திருக்கும்.

வெள்ளம் போன்ற அரிய நிகழ்ச்சியில் இந்த அமைப்பை நம்பலாமா?

மழையளவை எண்ணாகத் தரும் வரை நம்பலாம், எச்சரிக்கை நிறத்தை மட்டும் தந்தால் யோசிக்க வேண்டும். வானிலைத் துறையின் வகைப்படி 24 மணி நேரத்தில் 20.45 செ.மீட்டரும் அதற்கு மேலும் எல்லாமே அதி கனமழை. 2023 டிசம்பர் 17, 18-ல் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் பெய்தது சுமார் 95 செ.மீ. இருபத்தொன்றும் தொண்ணூற்றைந்தும் ஒரே பெயரில், ஒரே சிவப்பில் வரும். திரையைப் பார்ப்பவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

இரண்டாவது சிக்கல், பழைய தரவில் அப்படி ஒரு நாள் இல்லை என்றால் கணக்கு தன் எல்லையைத் தாண்டி ஊகிக்கிறது. ஆனால் எல்லாநாளும் பேசும் அதே உறுதியான குரலில்தான் பேசும். "இது நான் பார்த்த எல்லைக்கு வெளியே" என்று மென்பொருள் தானே சொல்லும்படி வைப்பது சில வரி நிரல்தான். ஒப்பந்தத்தில் எழுதிக் கேட்டால் செய்து தருவார்கள், கேட்காவிட்டால் செய்ய மாட்டார்கள்.

மக்களுக்குச் சொல்லும்போது கன அடியை மட்டும் சொல்வது வீண். திருநெல்வேலிக்காரர் வெள்ளத்தை ஆற்றுக்குள் நிற்கும் குறுக்குத்துறை முருகன் கோயிலை வைத்து அளப்பவர். "மண்டபம் மூழ்கும் அளவு, இரவுக்குள்" என்றால் ஆற்றங்கரைத் தெருக்காரருக்கு உடனே புரியும். இப்படிப்பட்ட அடையாளங்களை ஊர் ஊராகத் திரட்டி நீர்மட்டத்தோடு இணைக்கும் வேலையைக் கோடையில் செய்து வைக்க வேண்டும்.

அணை மேல் இருப்பவரின் நிலைமையையும் நினைக்க வேண்டும். தாமிரபரணியின் பாபநாசம் அணையின் முழு அளவு 143 அடி. முன்னறிவிப்பை நம்பி முன்கூட்டியே தண்ணீரைத் திறந்துவிட்டு, மழை ஏமாற்றினால் பிசானத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர் அவர். திறக்காமல் மழை கொட்டினாலும் அவர்தான். மென்பொருள் "திற" என்று மட்டும் சொன்னால் இந்த இரண்டில் எந்தப் பழியும் குறையாது. இந்த அளவு திறந்தால், மழை வராவிட்டால் இத்தனை நாள் பாசனம் போகும். வந்தால் கீழே வெள்ளம் இத்தனை அடி குறையும் என்று இரண்டு பக்கமும் காட்டி, அந்தத் திரையை நேரத்தோடு சேமித்து வைத்தால், மறுநாள் விசாரணையில் அவர் கையில் ஒரு காகிதம் இருக்கும். அது இருந்தால்தான் துணிந்து முடிவெடுப்பார்.

சுகாதார நிலையத்தில் எதிர்ச் சிக்கல்: கணினி சொன்னதை அப்படியே செய்துவிடுகிறார்கள்.

பரசுராமன், ரைலி என்ற இருவர் 1997-ல் இதை அலசியிருக்கிறார்கள். கருவியை அளவுக்கு மீறி நம்புவதும் அறவே ஒதுக்குவதும் ஒரே அமைப்பில் பக்கத்துப் பக்கத்தில் நடக்கும். திரை பச்சை காட்டினால் முன்னால் உட்கார்ந்திருக்கும் அம்மாவின் வீங்கிய கால் கண்ணில் படாமல் போகும்.

மருந்து ஒன்றுதான்: முதலில் செவிலியர் தன் கருத்தைப் பதியட்டும், பிறகு கணினி தன்னுடையதைக் காட்டட்டும். "அனுப்பலாமா, வேண்டாமா" என்று ஒரு தட்டல் போதும். சில விநாடி வேலை. இரண்டும் முரண்பட்டால் மட்டும் மருத்துவருக்கு அழைப்பு. திரும்பிப் பார்த்தால், எந்தச் செவிலியர் எதில் கெட்டி, கணினி எதில் சொத்தை என்பதும் தெரியவரும்.

உள்ளே போகும் எண்கள் உண்மையா என்று எப்படிச் சோதிப்பது?

ரத்த அழுத்தத்தின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பாதரசக் கருவியில் இரண்டிரண்டாகப் படித்தால் 0, 2, 4, 6, 8 ஒவ்வொன்றும் ஏறத்தாழ 20 விழுக்காடு வர வேண்டும். தானியங்கிக் கருவி என்றால் பத்து இலக்கமும் பத்துப் பத்து. ஒரு நிலையத்தில் பாதிக்கு மேல் பூஜ்யத்தில் முடிந்தால், அதிலும் 120/80 வரிசையாக நின்றால், அளக்காமல் எழுதுகிறார்கள் அல்லது அவசரத்தில் முழுதாக்குகிறார்கள். உயர் ரத்த அழுத்தத்துக்கு 140/90 என்ற எல்லையை வைத்து முடிவெடுக்கும் மென்பொருளுக்கு இது விஷம்.

உடனே மெமோ கொடுக்கக் கிளம்பாதீர்கள். ஒரு நாளைக்கு எத்தனை பேர், ஒருவருக்கு எத்தனை நிமிடம், கருவியில் பேட்டரி இருக்கிறதா, அதே எண்ணை எத்தனை பதிவேட்டில் திரும்ப எழுதுகிறார்கள் என்று பாருங்கள். நோட்டு, தாள், செயலி என்று மூன்று இடத்தில் எழுத வேண்டியிருந்தால் மூன்றாவது எப்போதும் மாலையில், நினைவிலிருந்து நிரப்பப்படும். செயலியைச் சேர்க்கிறீர்கள் என்றால் ஒரு நோட்டையாவது எடுத்துவிடுங்கள். எடுக்க அதிகாரம் இல்லையென்றால் அந்த அதிகாரம் யாரிடம் என்று கண்டுபிடிப்பதுதான் உங்கள் அடுத்த வேலை.

பரிந்துரையை மீற அனுமதித்தால் ஒழுங்கு கெடாதா?

மீற வழியில்லாத இடத்தில்தான் பொய்த் தகவல் பிறக்கும். லஸ்கர் மூன்று நாள் விட்டுவிட்டு இரண்டு நாள் என்று பதிவார். அடுத்த வாரக் கணக்கு அந்தப் பொய்யின் மேல் நிற்கும். அதனால் மீறலை எளிதாக்கிப் பதிவும் செய்யுங்கள். ஒரு வரி போதும்: "கணினி: 3-ஆம் மடை 2 நாள். செய்தது: 3 நாள். காரணம்: கடைமடையில் நடவு பாதியில் நிற்கிறது." காரணங்களில் ஆறேழு முன்பே இருக்கட்டும், "வேறு" என்பதற்குக் குரல் பதிவு. காரணத்தோடு மீறியவர்மேல் அதற்காக மட்டும் நடவடிக்கை இல்லை என்று அலுவலக ஆணை எழுத்தில் வேண்டும். வாய்வார்த்தை அதிகாரி மாறினால் மாறிவிடும்.

மாதம் ஒரு முறை இந்தப் பதிவைப் படிக்க ஒருவரை நியமியுங்கள். ஒரே மடையில் ஒரே காரணம் திரும்பத் திரும்ப வந்தால் கணக்கைத்தான் திருத்த வேண்டும்.

பெண்களுக்கு எச்சரிக்கை போய்ச் சேர்வதில்லையே?

வீட்டில் ஒரு எண்தான் பதிவாகியிருக்கும், அந்தப் போன் கணவரோடு வேலைக்கோ மகனோடு வெளியூருக்கோ போயிருக்கும். பகலில் யார் கையில் இருக்கும் எண் என்று தனியாகக் கேட்டுப் பதியுங்கள். முக்கூடல், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் பெண்களுக்குக் கை ஓயாது. குரல் செய்திதான் ஒத்துவரும்.

பயிற்சி எத்தனை நாள்?

மண்டபத்தில் ஒரு நாள் முழுக்க வேண்டாம். வேலை செய்யும் இடத்தில் முக்கால் மணி நேரம், பத்து நாள் கழித்து இன்னொரு முக்கால் மணி. இரண்டாவதில் அவர்கள் சிக்கிய இடங்களை மட்டும் பேசுங்கள். கணினி தவறும் உதாரணங்களையும் காட்டுங்கள். எப்போது தவறும் என்று தெரிந்தவர்தான் மற்ற நேரம் நம்புவார்.

பழைய முறையை எப்போது நிறுத்தலாம்?

முதல் நாளே கூடாது. 1992 அக்டோபர் 26-ல் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை புதிய கணினி முறைக்கு ஒரே மூச்சில் மாறியது. வண்டி எங்கே இருக்கிறது என்ற தகவல் எப்போதும் சரியாக வரும் என்று அந்த அமைப்பு எடுத்துக்கொண்டது. வரவில்லை. தவறான வண்டி போனது, சில அழைப்புக்கு இரண்டு வண்டி போனது, மறுநாளே பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். நீர்முறை என்றால் ஒரு பருவம் முழுக்க இரண்டும் பக்கத்தில் ஓடட்டும். முந்தைய கார் நெல் பருவத்தில் ஒத்திகை பார்த்துவிட்டுப் பிசானத்துக்குப் போவது நல்லது. சிக்னல் இல்லாத மேட்டுக்கு அச்சிட்ட அட்டவணை எப்போதும் தேவை.

வெற்றி என்று எதை வைத்துச் சொல்வது?

எத்தனை பேர் உள்நுழைந்தார்கள் என்பதை வைத்து அல்ல. ஆணை போட்டால் எல்லோரும் உள்நுழைவார்கள். கணினியைப் பார்த்த பிறகு எத்தனை முடிவு மாறியது, மாறியவற்றில் எத்தனை நல்லதாக முடிந்தது, மீறியவற்றில் எத்தனை நல்லதாக முடிந்தது என்ற மூன்றையும் எண்ணுங்கள். முதல் எண் பூஜ்யத்துக்குப் பக்கம் என்றால், ஏற்கெனவே தெரிந்ததைத்தான் கணினி சொல்கிறது. கடைமடைக்கும் தலைமடைக்கும் தனித்தனியாக எண்ண மறக்காதீர்கள். சராசரி நன்றாக இருக்கும்போதே கடைமடை காய்ந்துகொண்டிருக்கலாம்.

எப்போது வேண்டவே வேண்டாம்?

முடிவு ஏற்கெனவே மேலிடத்து உத்தரவில் முடிந்துவிட்டது என்றால். பரிந்துரை வந்தாலும் செய்ய ஆளோ, வண்டியோ, மருந்தோ இல்லை என்றால். தகவலைப் பதிகிறவருக்கு அதனால் எந்தப் பயனும் இல்லை, மேலே அறிக்கை போவதற்கு மட்டும்தான் என்றால். பழுதான மதகு ஷட்டரைச் சரிசெய்யக் காசில்லாமல் மென்பொருளுக்கு மட்டும் ஒதுக்கீடு வந்திருக்கிறது என்றால், அந்த ஒதுக்கீட்டில் ஷட்டரைச் சேர்க்க முடியுமா என்று முதலில் எழுதிக் கேளுங்கள்.